மீண்டும் பந்தை எடுத்து வைத்தவர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கால்பந்து வீரர் ஒருவரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அவர் அடித்த கோல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு தவறிய பெனால்டியிலிருந்து தொடங்குகிறேன்.

1997 ஏப்ரல் 2, துருக்கியின் பர்சா நகரம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நெதர்லாந்து ஆடுகிறது. அதற்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. முந்தைய நாள்தான் 21 வயதை எட்டிய ஓர் இளைஞர் பந்தை எடுத்துப் போய் வைக்கிறார், ஓடி வருகிறார், உதைக்கிறார். பந்து குறுக்குக் கம்பத்துக்கு வெகு மேலே பறந்து போகிறது. நெதர்லாந்து 1–0 என்று தோற்கிறது.

அதற்குப் பத்து மாதங்கள்கூட ஆகாத முன்பு, 1996 ஜூன் மாதத்தில், யூரோ கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக இதே இளைஞர் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நடந்த ஆட்டம் அது. ஆட்டம் கோலின்றி முடிந்து, இரு தரப்பும் மாறி மாறி உதைக்கும் பெனால்டிக்குப் போனது. இரு தரப்பிலும் உதைத்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கோல் அடித்தார்கள். ஒருவருடைய உதையை மட்டும் பிரான்சின் கோல்கீப்பர் பெர்னார் லாமா தடுத்தார். ஒரு நாடே வீட்டுக்குத் திரும்பியது. அந்த அவமானம் ஆறுவதற்குள் பர்சாவில் மறுபடியும் பந்தைக் கையில் எடுக்க ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆணவம் என்றுதான் அன்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிளாரென்ஸ் சீடோர்ஃப் என்ற அந்த நடுக்கள வீரரின் முழு வாழ்க்கையையும் அந்த ஒரு செயலை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

தென் அமெரிக்காவின் வடகரையில் சுரிநாம் என்றொரு சிறிய நாடு இருக்கிறது. டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்து அது விடுதலை பெற்றது 1975 நவம்பர் 25 அன்று. நான்கு மாதங்கள் கழித்து, 1976 ஏப்ரல் 1 அன்று, அதன் தலைநகரான பாராமரிபோவில் சீடோர்ஃப் பிறந்தார். நாடும் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது குடும்பம் நெதர்லாந்துக்குப் புலம்பெயர்ந்தது. கடலிலிருந்து மீட்டெடுத்த நிலத்தில் புதிதாகக் கட்டப்பட்ட அல்மேரே நகரத்தில் அவர் வளர்ந்தார். புது நாட்டில் பிறப்பு, புது நிலத்தில் வளர்ப்பு. பயணம் அவருக்குத் தொழில் தந்த பழக்கம் அல்ல, நடை பழகிய பருவத்திலேயே தொடங்கிவிட்டது.

அல்மேரேயிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்புக்கு. அயாக்ஸின் இளையோர் பயிற்சிக் களத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை முழுவதும் பேசலாம். எட்டு வயதுப் பிள்ளைகளின் அணியும் முதல் அணியும் ஒரே அமைப்பில் ஆட வேண்டும் என்று நினைத்த கிளப் அது. பந்து யாரிடம் இருக்கிறது என்பதைவிட, பந்து இல்லாத மற்ற பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பதே அங்கே பாடம். அந்தப் பாடத்தைக் கற்ற சீடோர்ஃப் 1992 நவம்பரில், 16 வயதில், முதல் அணியில் இறங்கினார். அதுவரை அயாக்ஸுக்கு ஆடியவர்களில் அவ்வளவு இளையவர் யாரும் இல்லை.

1994–95 பருவத்தின் அயாக்ஸைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். லூயி வான் ஹால் பயிற்சியாளர். நடுக்களத்தில் நான்கு பேர் வைர வடிவில் நிற்பார்கள்: அடியில் அனுபவசாலியான ஃபிராங்க் ரைக்கார்ட், முனையில் பின்லாந்தின் யாரி லிட்மானன், இடப்பக்கம் எட்கர் டாவிட்ஸ், வலப்பக்கம் சீடோர்ஃப். டாவிட்ஸும் பாராமரிபோவில் பிறந்தவர்தான். அந்த ஆண்டு டச்சு லீகிலும், ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகிலும் அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. மே 24 அன்று வியன்னாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இத்தாலியின் ஏசி மிலானை 1–0 என்று வென்றது. கோல் அடித்தவர் 18 வயது பாட்ரிக் க்ளைவர்ட். சீடோர்ஃபை இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே வெளியே அழைத்து, நைஜீரிய வீரர் கானுவை இறக்கிவிட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்துதான் வெற்றியைப் பார்த்தார். 19 வயதில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பை கையில்!

இந்த இடத்தில் பெரும்பாலானோர் என்ன செய்வார்கள்? தங்கிவிடுவார்கள். சொந்த ஊர், சொந்த மொழி, தோற்காத அணி. அவரோ அதே கோடையில் இத்தாலியின் ஜெனோவா நகருக்கு, சாம்ப்டோரியா கிளப்புக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணமின்றி வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன போஸ்மான் தீர்ப்பு 1995 டிசம்பரில்தான் வந்தது. அதன் பிறகு அயாக்ஸ் அணியே சிதறிப்போனது என்பது வேறு கதை. சீடோர்ஃப் அதற்கு முன்பே கிளம்பிவிட்டவர்.

கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போகும் ஆட்டக்காரர் மீது நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. பணத்துக்காகப் போகிறார், வேர் இல்லாதவர் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நடுக்கள வீரர் ஒருவர் கிளப் மாறுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். முன்கள வீரருக்குக் கோல் எந்த நாட்டிலும் 7.32 மீட்டர் அகலம்தான். கோல்கீப்பருக்கும் அதே கோல்தான். நடுக்கள வீரருக்கு அப்படி நிலையான பொருள் எதுவும் கிடையாது. அவருடைய வேலைப்பொருள் மனிதர்கள். முன்னால் ஓடுகிறவருக்குப் பந்து காலடியில் வேண்டுமா, வெற்றிடத்தில் வேண்டுமா? பின்னால் நிற்பவர் மேலேறினால் அந்த இடத்தை யார் நிரப்புவார்கள்? எதிரி முதுகை நெருக்கும்போது குரல் கொடுத்து எச்சரிப்பவர் யார்? இவை அத்தனையும் அணிக்கு அணி மாறும். கிளப் மாறும் நடுக்கள வீரர் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாணவராகத்தான் தொடங்க வேண்டும். சீடோர்ஃப் ஆறு மொழிகள் பேசுவார் என்பதைப் பலரும் ஒரு சுவையான தகவலாகச் சொல்வார்கள். எனக்கு அது அவருடைய ஆட்டத்தின் விளக்கமாகவே படுகிறது.

சாம்ப்டோரியாவில் ஒரே பருவம். ஸ்வென்-யோரன் எரிக்சன் பயிற்சியாளர், ராபர்ட்டோ மான்சினி அணியின் தலைமகன். அன்றைய இத்தாலிய லீகில் மூச்சுவிட இடம் கிடைக்காது. அயாக்ஸில் பந்தை வாங்கித் திரும்பிப் பார்க்க நேரம் இருந்தது. இங்கே பந்து வருவதற்கு முன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும். கோப்பை எதுவும் கிடைக்காத ஆண்டுதான். ஆனால் அவருடைய தோளில் வலுவும் ஆட்டத்தில் பொறுமையும் அங்கேதான் ஏறின என்பது என் கருத்து.

1996இல் ரியல் மாட்ரிட். பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ அவரை அழைத்தார். முதல் ஆண்டிலேயே ஸ்பெயின் லீக் பட்டம். பர்சாவின் பெனால்டி தவறியதும் இதே பருவத்தில்தான். நாட்டுக்காக ஆடும்போது கேலி, கிளப்புக்காக ஆடும்போது கைதட்டல் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் சுமந்த இளைஞர் அவர். 1997இல் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக நெடுந்தொலைவிலிருந்து அவர் அடித்த கோலை இன்றும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கிருந்து கோலை நோக்கி உதைக்கும் எண்ணமே வேறு யாருக்கும் வந்திருக்காது. துருக்கியில் வானத்துக்குப் போன உதையும் இந்த உதையும் ஒரே மனத்திலிருந்து வந்தவைதான்.

1998 மே 20. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ரியல் மாட்ரிட்டும் இத்தாலியின் யுவென்டஸும். 32 ஆண்டுகளாக அந்தக் கோப்பை மாட்ரிட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டம் நடந்த இடம் ஆம்ஸ்டர்டாம், அயாக்ஸின் புதிய அரங்கம். எதிரணி நடுக்களத்தில் சினெடின் ஜிடானுடன் நின்றவர் பழைய தோழர் டாவிட்ஸ். மியாடோவிச்சின் ஒரே கோலில் மாட்ரிட் வென்றது. தன்னை வளர்த்த நகரத்தில், வேறொரு நாட்டுக் கிளப்பின் சட்டையோடு, சீடோர்ஃப் இரண்டாவது முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு இன்டர் மிலான். அங்கே கழிந்த இரண்டரை ஆண்டுகளில் கோப்பை எதுவும் இல்லை. 2002 மே 5 அன்று லாசியோவிடம் 4–2 என்று தோற்று, கைக்கு எட்டிய லீக் பட்டத்தை இன்டர் கடைசி நாளில் இழந்தது. அந்தக் கோடையில் இன்டர் அவரைக் கொடுத்துவிட்டு, ஃபிரான்செஸ்கோ கோக்கோ என்ற தற்காப்பு வீரரை ஏசி மிலானிடமிருந்து வாங்கிக்கொண்டது. வீடு மாறவேண்டிய தேவைகூட இல்லை, இரு கிளப்புக்கும் ஒரே மைதானம்தான். ஓராண்டுக்கு முன்பு இதே இன்டர் அன்ட்ரேயா பிர்லோவையும் ஏசி மிலானுக்கு விற்றிருந்தது. ஒரு கிளப் வேண்டாம் என்று விட்ட இருவரை வைத்து எதிர்க் கிளப் தன் நடுக்களத்தையே கட்டியது. கோக்கோவைக் காயங்கள் முடக்கிப்போட்டன. பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஏசி மிலானில் பத்து ஆண்டுகள். ஊர்சுற்றி என்று பெயரெடுத்தவர் பத்து ஆண்டுகள் ஒரே இடத்தில்! கார்லோ அன்செலோட்டி அமைத்த நடுக்களத்தில் பிர்லோ நடுவில் நின்று ஆட்டத்தை இயக்குவார், கட்டூசோ வலப்பக்கம் எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பார், இடப்பக்கம் சீடோர்ஃப். பிர்லோவும் கட்டூசோவும் செய்கிற வேலை பார்த்த உடனே புரியும். சீடோர்ஃபின் வேலை அப்படிப் புரியாது. பந்தைப் பறித்தவருக்கு முதல் பாஸ் கொடுக்க ஆள் வேண்டும், அவர் அங்கே இருப்பார். பிர்லோவைச் சுற்றி வளைத்துவிட்டால் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆள் வேண்டும், அப்போதும் அவர் இருப்பார். தடித்த தொடைகளால் எதிரியை ஒதுக்கி நிறுத்தி, பந்தை இரண்டு நொடி கூடுதலாகப் பிடித்துவைப்பார். அந்த இரண்டு நொடியில் முழு அணியும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இதைக் கணக்கில் எழுதும் பழக்கம் அன்று யாருக்கும் இல்லை.

2003 மே 28, மான்செஸ்டர், சாம்பியன்ஸ் லீக் இறுதி. மிலானும் யுவென்டஸும் 120 நிமிடங்கள் ஆடியும் கோல் இல்லை. பெனால்டி. மிலானின் இரண்டாவது உதைக்கு நடந்து வந்தவர் யார் தெரியுமா? ஆன்ஃபீல்டில் தவறவிட்டவர், பர்சாவில் தவறவிட்டவர். பந்தை வைத்தார், உதைத்தார், யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் தடுத்துவிட்டார். ஆனால் அன்று மிலானின் கோல்கீப்பர் டிடா மூன்று உதைகளைத் தடுத்தார், கடைசி உதையை ஷெவ்சென்கோ கோலாக்கினார். மூன்று வெவ்வேறு கிளப்புகளுடன் சாம்பியன்ஸ் லீக் வென்ற ஒரே வீரர் என்று சீடோர்ஃப் வரலாற்றில் நுழைந்த இரவு, அவர் ஒரு பெனால்டியைத் தவறவிட்ட இரவும்கூட. எனக்கு அந்தச் சாதனையைவிட, மைய வட்டத்திலிருந்து பெனால்டிப் புள்ளிவரை அவர் நடந்த அந்த நடைதான் பெரிதாகத் தெரிகிறது.

2005இல் இஸ்தான்புல். மூன்று கோல் முன்னிலையிலிருந்து லிவர்பூலிடம் தோற்ற அந்த இரவைப் பற்றி மிலான் ரசிகர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், அவரிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. 2007க்கு வருவோம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3–2 என்று வென்றிருந்தது. மே 2 அன்று மிலானில் கொட்டும் மழையில் மறு ஆட்டம். 11ஆவது நிமிடத்தில் சீடோர்ஃப் தலையால் இறக்கிக் கொடுத்த பந்தை மிலானின் பிரேசில் வீரர் காக்கா கோலாக்கினார். 30ஆவது நிமிடத்தில் சீடோர்ஃபே பெனால்டிப் பெட்டியின் விளிம்பில் ஆட்களை ஒதுக்கிவிட்டுத் தாழ்வாக உதைத்து இரண்டாவது கோலை அடித்தார். முடிவு 3–0. அந்த ஆண்டு உலகம் காக்காவைக் கொண்டாடியது, அது நியாயமே. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை மறுபடி பாருங்கள், சீடோர்ஃபின் காலில் பந்து இருக்கும்போது மட்டும் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நடுக்கள ஆட்டத்துக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மே 23 அன்று ஏதென்ஸில் லிவர்பூலை 2–1 என்று வென்றபோது, அது அவருடைய நான்காவது கோப்பை.

நெதர்லாந்துக்காக அவர் 87 ஆட்டங்கள் ஆடினார். சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனாலும் நாட்டு அணியில் அவருக்கென்று ஓர் இடம் நிலைக்கவே இல்லை. வலப்பக்கம், இடப்பக்கம், நடுவில் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். எங்கும் ஆடக்கூடியவருக்கு எங்கும் இடமில்லாமல் போகும் கொடுமை அது. 2006 உலகக் கோப்பைக்குப் பயிற்சியாளர் வான் பாஸ்டன் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2008 யூரோவுக்கு முன்பு அவரே விலகிக்கொண்டார். சாம்பியன்ஸ் லீகை நான்கு முறை வென்றவரைத் தன் நாடு இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

36 வயதில் ஓய்வு பெறாமல் பிரேசிலுக்குப் போனார். ரியோ டி ஜெனிரோவின் போட்டஃபோகோ, பிரேசிலின் பழம்பெரும் வீரர்களான கரிஞ்சாவும் நில்டன் சாண்டோஸும் ஆடிய கிளப். அவருடைய அன்றைய மனைவி பிரேசில்காரர், மொழியும் ஏற்கெனவே நாவில் இருந்தது. 2013இல் ரியோ மாநிலப் பட்டத்தைப் போட்டஃபோகோ வென்றது. அதே ஆண்டு தேசிய லீகில் நான்காம் இடம் பெற்று, 1996க்குப் பிறகு முதல் முறையாக, தென் அமெரிக்கக் கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியான கோப்பா லிபர்டடோரெஸுக்குத் தகுதி பெற்றது. பத்தாம் எண் சட்டையில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களுக்கு நடுவில் நின்று, கையை நீட்டி இடம் காட்டிக்கொண்டே ஆடுவார். 2014 ஜனவரியில் மிலான் பயிற்சியாளராக அழைத்தது, காலணியைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார். அந்தப் பணி ஜூனிலேயே முடிந்துபோனது.

கடைசியாக ஒன்று. சுரிநாமின் பாரா மாவட்டத்தில் அவர் பெயரைத் தாங்கிய ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. அவருடைய முயற்சியால் உருவானது. இரண்டு வயதில் அவரைத் தூக்கிக்கொண்டு குடும்பம் விட்டுக் கிளம்பிய நாடு அது, அதற்காக அவர் ஆடிய சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஆறு கிளப்புகளின் சட்டைகளை அணிந்தவர் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு புல்தரை, இரண்டு கோல் கம்பங்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் அதில் ஆடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.