பேவர் கல் பதித்த பிறகு கூடத்துக்குள் மழைத்தண்ணீர் வருகிறது: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் காட்பாடியிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டிருப்பது இதுதான்: "கோடையில் வீட்டைச் சுற்றிலும் பேவர் கல் பதித்தோம். அதற்கு முன்பு வெறும் மண்தரை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நின்றதில்லை. இப்போது ஒரு மணி நேரம் மழை பெய்தாலே பின்பக்கத் தாழ்வாரத்தில் தேங்கி, கூடத்துக்குள் வந்துவிடுகிறது. சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. தாழ்வாரத்தின் மேல் இன்னும் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு உயர்த்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? நடைபாதையில் பாசி பிடித்து வழுக்குகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்."

உயர்த்த வேண்டாம் அம்மா. தயவுசெய்து அந்த வேலையை நிறுத்திவையுங்கள்.

தாழ்வாரத்தை உயர்த்தினால் தண்ணீர் குறையப்போவதில்லை. அது நிற்கும் இடம்தான் மாறும். இன்று தாழ்வாரத்தில் நிற்பது நாளை சமையலறைச் சுவரோரம் போய் நிற்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு படிதான் தெரிகிறது. மூன்று அங்குலம் ஏற்றினால் அந்தப் படியில் பாதி போய்விடும். வெளித்தரை எப்போதும் வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சத்துவாச்சாரியில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் இதே யோசனையைக் கேட்டு இரண்டு முறை முன்வாசலை உயர்த்தினோம். இரண்டு முறையும் கதவின் அடியை அறுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் தண்ணீர் தடையே இல்லாமல் உள்ளே வந்தது. அந்த வீட்டுச் சுவரில் இடுப்பளவு ஏறிய ஓதத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, மண்தரையாக இருந்தபோது நிற்காத தண்ணீர் இப்போது ஏன் நிற்கிறது? மாடியில் விழும் மழையிலிருந்து கணக்குப் பார்ப்போம். உங்கள் மொட்டை மாடி 900 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாலையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியிலிருந்து மட்டும் ஏறக்குறைய 4,200 லிட்டர் தண்ணீர் இறங்கும். ஒரு குடம் 14 லிட்டர் என்று வைத்தால் 300 குடம். படத்தில் பாருங்கள், மாடிக் குழாய் தாழ்வாரத்தின் மூலையில், தரைக்கு ஓரடி மேலே வெட்டிவிடப்பட்டிருக்கிறது. முந்நூறு குடத்தில் பெரும்பங்கை ஒரே மூலையில் கொட்டுகிறோம். முன்பு அதை மண் குடித்தது. இப்போது கல் குடிக்காது. போதாக்குறைக்குக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமென்ட் கலவை போட்டு அடைத்திருக்கிறார்கள். பேவர் கல்லின் இடுக்கில் போட வேண்டியது சன்னமான மணல்தான். தண்ணீர் இறங்குவதற்கு அங்கே இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் சிமென்ட் மூடிவிட்டது.

அடுத்தது வாட்டம். என்னைக் கேட்டால் வேலையில் பாதி இதுதான். வீட்டை விட்டு விலகிப் போகும் திசையில், பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் தரை சரிய வேண்டும். பேவர் கல்லுக்கு இரண்டு அங்குலம் கொடுத்தால் இன்னும் நல்லது. நடக்கும்போது இந்தச் சரிவு காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இந்த வாட்டத்தைக் கல் பதிக்கும்போது மணலைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. மணல் ஓரிடத்தில் ஓர் அங்குலமும் இன்னோரிடத்தில் மூன்று அங்குலமும் இருந்தால், தடிமனான இடம் ஒரே மழையில் அமுங்கிப் பள்ளமாகும். அடிமண்ணை வெட்டும்போதே வாட்டத்தை வெட்டிவிட வேண்டும். அதன்மேல் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து நான்கு அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குல மணல், பிறகு கல். வெறும் நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் கல் போதும். கார் ஏறி இறங்கும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் வேண்டும்.

உங்கள் வீட்டில் வாட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரோரமும் மறுமுனையைப் பத்தடி தள்ளியும் நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரைவரை இரண்டு பக்கமும் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். சுவரோர அளவு குறைவாகவும், தள்ளியிருக்கும் இடத்தின் அளவு கூடுதலாகவும் இருந்தால் வாட்டம் வெளியே போகிறது. மாறி வந்தால் உங்கள் தரை வீட்டை நோக்கிச் சரிகிறது. படத்தைப் பார்த்தால் உங்களுக்கு மாறித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இங்கே நம் ஊர் மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கம் இரண்டு வகை மழை. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். முதல் மழை உங்கள் வாட்டத்தையும் குழாயின் அளவையும் சோதிக்கிறது. இரண்டாவது மழை மண்ணைச் சோதிக்கிறது. மூன்றாம் நாள் மண் நிறைந்து, ஒரு சொட்டுகூட வாங்காது. ஆடி மழைக்குத் தாங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்கள் கார்த்திகையில் அழுதுகொண்டு கூப்பிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போதுதான் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் தண்ணீர் புகுந்து நின்றது. அகழியோடு கட்டிய கோட்டைக்கே மிகைநீர் வெளியேற வழி வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. முதல் வேலை மாடிக் குழாய். அதைத் தாழ்வாரத்தில் விடாமல், தரைக்கு அடியில் நான்கு அங்குலக் குழாய் பதித்து வெளியே கொண்டுபோங்கள். 900 சதுர அடி மாடிக்குக் குறைந்தது இரண்டு நான்கு அங்குலக் குழாய்கள் வேண்டும். உங்களுக்கு ஒன்றுதான் இருக்கிறது. எதிர்மூலையில் இன்னொன்றை இறக்குங்கள். இதை மட்டும் செய்தாலே தாழ்வாரத்தில் நிற்கும் தண்ணீரில் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆகவே கல்லைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து, ஒரு மழை பாருங்கள்.

எங்கே கொண்டுபோய் விடுவது? தெருவில் விட முடியாது, ஏனென்றால் தெரு உங்கள் வாசலைவிட அரை அடி உயரம் என்கிறீர்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் நம் ஊரில் எத்தனை! பாதாளச் சாக்கடையில் மழைநீரைச் சேர்க்கவே கூடாது. அடைத்துக்கொண்டால் சாக்கடை நீர் உங்கள் குளியலறை வழியாகவே திரும்பி வரும். பக்கத்து மனை காலியாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பக்கம் திருப்பிவிடவும் வேண்டாம். நாளை அங்கே ஒருவர் வீடு கட்டுவார். அவர் அடித்தளத்தை நாம் நனைக்கக் கூடாது.

எனவே உங்களுக்கு உறிஞ்சு குழிதான் சரி. 2003-லிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல வீடுகளில் அது இரண்டடிக் குழியில் ஜல்லியைக் கொட்டி மூடியதோடு முடிந்துவிட்டது. மூன்றடி விட்டம், ஆறடி ஆழம் உள்ள குழியில் 1,200 லிட்டர் பிடிக்கும். அதை முழுக்க ஜல்லியால் நிரப்பினால் இடுக்குகளில் 500 லிட்டர்கூடத் தங்காது. அதனால் சிமென்ட் உறை இறக்கி, அடியில் மட்டும் ஓரடி ஜல்லி போட்டு, மேலே பலமான மூடி போடுங்கள். குழி வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஓரடிக்கு ஒரு சிறு பள்ளம் எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தண்ணீர் வற்றிய பிறகு மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நல்ல மண். பாலாற்றங்கரையை ஒட்டிய இடங்களில் மணல் கலந்திருப்பதால் சட்டென்று இறங்கும். மலையடிவாரத்தில் நாலடிக்குக் கீழே மொரம்பும் பாறையும் வந்துவிட்டால், ஆழத்துக்குப் பதிலாக இரண்டு குழிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் 4,200 லிட்டரை ஒரு குழி ஒரு மணி நேரத்தில் குடித்துவிடாது. நிறைந்தால் வழிந்து தென்னை, வாழைப் பாத்திக்குப் போகும்படி மேல்பக்கத்தில் ஒரு குழாய் வைத்துவிடுங்கள்.

அதன் பிறகு கல். நீங்கள் பதித்தது பேவர் கல்லாக இருப்பது நல்லதாகப் போயிற்று; கான்கிரீட்டாக இருந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சுவரிலிருந்து ஆறடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து அடுக்கிவையுங்கள். இடுக்கில் போட்ட சிமென்டைக் கொத்திச் சுத்தம் செய்தால் அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். மண்ணை வெட்டி வாட்டத்தைச் சரிசெய்து மீண்டும் பதியுங்கள். கல் முடிகிற விளிம்பில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்குக் கால்வாய் எடுத்து, துணிபோன்ற வடிகட்டி விரிப்பைப் போட்டு ஜல்லி நிரப்பினால், வழிந்து வரும் தண்ணீர் அங்கே இறங்கிக் குழியை நோக்கிப் போகும். தென்னையைச் சுற்றி மூன்றடிக்குக் கல்லை எடுத்துவிடுங்கள், மரமும் மூச்சு விடட்டும். சுவரை ஒட்டி வைத்திருக்கும் செம்பருத்திப் பாத்தியை மட்டும் இடம் மாற்றுங்கள். தினமும் அதற்கு ஊற்றுகிற தண்ணீரும் அந்தச் சுவரின் ஓதத்தில் சேர்ந்திருக்கிறது.

சுவரின் பூச்சை இப்போது தொட வேண்டாம். தண்ணீர் நின்றுபோன பிறகு ஒரு கோடை முழுவதும் சுவர் காயட்டும். ஈரச் சுவரில் பூசினால் அதுவும் உப்புப் பூத்து உதிரும், பணம்தான் வீண்.

பாசியைப் பற்றிக் கேட்டீர்கள். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆசிட் எதையும் அதோடு கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். வாட்டம் சரியாகும்வரை பாசி மறுபடியும் வரத்தான் செய்யும். அதுவரை வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்த வழியாகப் போவதாக இருந்தால், சுவரோரம் பிடித்து நடக்க ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்திக் கொடுங்கள்.