இறங்கிய இடத்தில் ஏற முடியுமா?

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் எல்லாருக்கும் வணக்கம்.

"நகரங்களும் பொதுப் போக்குவரத்தும்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்த நகரத்தில் நிலக்கீழ் ரயில், அந்த நகரத்தில் கேபிள் கார் என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். வகைகளை மட்டும் எண்ணினால் திருகோணமலையும் குறைந்த ஊரில்லை. 1927இலிருந்து ரயில் இருக்கிறது. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், தனியார் பஸ், கொழும்புக்கு 49ஆம் இலக்க பஸ், ஆட்டோ, பள்ளிக்கூட வான் எல்லாம் இருக்கின்றன. படகு ஓடக் கடலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து இறங்கியவர் இன்னொன்றில் ஏறப் போகும் இடத்தில்தான் நமக்கு இடறுகிறது.

இரவுத் தபால் ரயில் விடியப்புறம் வந்து நிற்கிறதை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு பொதி, தோளில் நித்திரைப் பிள்ளை. நிலைய வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். பஸ் நிலையமோ நகரின் மறு பக்கம். வெறுங்கையோடு நடந்தாலே கால் மணித்தியாலம் வேண்டும். நிலாவெளிக்கோ மூதூருக்கோ முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ரயில் மேடையில் ஒரு பலகையாவது இருந்தால், நடப்பதா ஆட்டோ பிடிப்பதா என்று முடிவெடுக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவே பஸ் நிலையம் வரை போக வேண்டியிருக்கிறது.

சுவிற்சர்லாந்தில் 1982இல் நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கில் நேர அட்டவணை போட்டார்கள். ரயில்கள் மணிக்கு மணி அதே நிமிடத்தில் வரும். முக்கியமான சந்திகளில் பல திசை ரயில்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஆட்கள் மாறியதும் ஒன்றாகப் புறப்படும். மலைக்கிராமத்துப் பஸ்ஸும் அந்த நேரத்துக்கு வாசலில் நிற்கும். இதற்குப் பெரிய ரயில் தேவையில்லை. பஸ்காரரும் ரயில்காரரும் ஒரே மேசையில் இருந்து அட்டவணை எழுத வேண்டும்.

சிங்கப்பூர் இதையே கட்டணத்தில் செய்தது. அங்கே பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போனாலும் மொத்தத் தூரத்துக்கு ஒரே கணக்கு. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஐந்து தடவை வரை மாறலாம், ஒரு மாற்றத்துக்கு 45 நிமிடம் வரை அவகாசம். நம் நாட்டில் கட்டணம் பிரிவு முறையில் கணக்கிடப்படுகிறது. ஒரு பிரிவு ஏறக்குறைய 2 கிலோமீற்றர். முதற்பிரிவுக்கான ஆகக்குறைந்த கட்டணம்தான் அதிகம், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். எனவே நேராகப் போகிறவர் அந்த ஆகக்குறைந்த கட்டணத்தை ஒரு தடவை கட்டுகிறார், இடையில் மாறுகிறவர் இரண்டு தடவை கட்டுகிறார். உப்புவெளியில் ஏறி நகரத்தில் மாறிச் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு இந்தத் தண்டனை தினமும் காலையும் மாலையும்.

சென்னையைப் பாருங்கள். மின்சார ரயில் 1931இலிருந்து, மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில் 1995இலிருந்து, மெட்ரோ 2015இலிருந்து, இவற்றோடு மாநகரப் பேருந்து. நம் தலைப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் முதல் இரண்டும் ரயில்வேயிடமும், மெட்ரோவும் பேருந்தும் வேறு வேறு நிர்வாகங்களிடமும் இருந்ததால், நெடுங்காலம் ஒரே பயணத்துக்கு மூன்று சீட்டு, மூன்று வரிசை. நான்கும் நன்றாக ஓடியும் இடையில் படிக்கட்டு ஏறியிறங்கியே முழங்கால் தேய்ந்தது. அதே சென்னையில் 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்றார்கள். இரண்டு பஸ் மாறினாலும் செலவு ஏறாது என்றதும் மாறுவதிலிருந்த தயக்கம் போய்விட்டது.

கொழும்பு கோட்டையிலும் இதே கதைதான். ரயிலிலிருந்து இறங்கினால் இ.போ.ச. மத்திய நிலையம் ஒரு பக்கம், பஸ்தியன் மாவத்தை ஒரு பக்கம், குணசிங்கபுர இன்னொரு பக்கம். புதிதாக வருகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றையும் சுற்றிப் பார்த்துவிடுவார். கொழும்புக்கு வெளியே மாகும்புரவில் ரயில், அதிவேகப் பாதை பஸ், நகர பஸ் மூன்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இனிக் காசுக்கு வருவோம், ஏனென்றால் பஸ் எப்படி ஓடுகிறது என்பதைக் காசுதான் தீர்மானிக்கிறது. 1958இல் பஸ்களை அரசு எடுத்தது. 1979இலிருந்து தனியாருக்கும் இடம் கிடைத்தது. பெரும்பாலும் ஒரு முதலாளிக்கு ஓரிரண்டு பஸ்கள்தான். மாலையில் அவருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு தொகை, டீசல் போக மிச்சம் சாரதிக்கும் கொண்டக்டருக்கும். இந்த ஏற்பாட்டில் பஸ் எப்படி ஓடும்? சனம் சேரும்வரை நிலையத்தில் உறுமிக்கொண்டு நிற்கும், அரையடி முன்னே போகும், அரையடி பின்னே வரும். பின்னால் அடுத்த பஸ் தெரிந்ததும் பறக்கும். சாரதியைத் திட்டிப் பிரயோசனமில்லை, அவர் ஒவ்வொரு தலைக்கும் காசு கிடைக்கிற முறையில் ஓட்டுகிறார்.

இதனால் பயணிக்கு என்ன நட்டம் என்பதைக் கணக்காகவே போடலாம். மணிக்கு மூன்று பஸ். 20 நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால், எப்போது தரிப்பிடத்துக்கு வந்தாலும் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். அதே மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு 5 நிமிடம், 5 நிமிடம், பிறகு 50 நிமிடம் என்று இடைவெளி விட்டால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் மாட்டுவார்கள். சராசரி 21 நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதே டீசல், அதே சாரதிகள், காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. இதில் முதல் பஸ் நிரம்பி வழியும், பின்னால் வருகிற இரண்டும் காற்று வாங்கும். மாலையில் முதலாளிகளுக்கும் நட்டம்தான்.

தென்கொரியாவின் சோல் நகரம் 2004 ஜூலையில் இந்த முடிச்சை அவிழ்த்தது. சீட்டுக் காசு முழுவதும் ஒரு பொதுக் கணக்குக்குப் போகும், கம்பனிகளுக்கு ஓடிய கிலோமீற்றருக்குக் கூலி. தூரப் பாதைக்கு நீலம், ரயிலடிக்கு ஊட்டும் பாதைக்குப் பச்சை என்று பஸ்களுக்கு நிறம் பிரித்தார்கள். முதல் நாட்களில் அட்டை இயந்திரங்கள் கோளாறு செய்து ஊரே கொதித்தது. பிறகு நிலைத்துவிட்டது. பயணிக்காக அடிபட வேண்டிய தேவை போனதும் பஸ்ஸை நேரத்துக்கு எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

நம் மாவட்டத்தில் அவ்வளவு பெரிய மாற்றத்தை நாளைக்கே எதிர்பார்க்க முடியாது. இ.போ.ச.வுக்கும் தனியாருக்கும் பொதுவான ஒன்றிணைந்த நேர அட்டவணையே நெடுங்காலம் இழுபறியில் கிடந்த விஷயம். ஒரு பாதையிலாவது தொடங்கலாம். நிலாவெளிப் பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 14 கிலோமீற்றர். தரிப்புகளையும் சேர்த்து மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் என்றால் 34 நிமிடம். போக வர 68. இரண்டு முனையிலும் ஆறாறு நிமிடம் ஆறுதல் கொடுத்தால் ஒரு சுற்று 80 நிமிடம். 20 நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 80ஐ 20ஆல் பிரியுங்கள். நான்கு பஸ் போதும். இந்த ஆறு நிமிடத்தை வெட்டி, 23 நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று பஸ்ஸில் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். காலையில் பள்ளிக்கூட நேரத்தில் பிந்திய பஸ் அந்த ஆறு நிமிடத்தில்தான் நேரத்தைத் திரும்பப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் காலை எட்டு மணிப் பிந்தல் பின்னேரம் வரை தொடரும். ஒரு பஸ் பழுதானால் அந்த ஓட்டத்தை வெறுமனே விட்டுவிடக்கூடாது. டைம் கீப்பர் மற்ற மூன்றையும் 27 நிமிட இடைவெளிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் 40 நிமிடப் பள்ளம் விழும்.

இன்னொரு சின்ன விஷயம், படி. நம் பஸ்களில் அநேகம் லொறி அடிச்சட்டத்தின் மேல் உடல் கட்டியவை. தளம் உயரம், உள்ளே போக இரண்டு மூன்று படி, முதற்படியே முழங்காலளவு. சேலையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் கம்பியைப் பிடித்து, மீன் கூடையை யாரிடமாவது கொடுத்து ஏறுகிற அம்மாவுக்காகச் சாரதி பொறுமையாக நின்றால் அவர் நல்லவர். பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1991இல் குழாய் வடிவத் தரிப்பிடங்கள் வைத்தார்கள். காசை வாசலிலேயே கட்டிவிட்டு, பஸ் தளத்தின் உயரத்திலேயே நின்று, கதவு திறந்ததும் நேராக நடந்து ஏறலாம். நமக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள தரிப்பிடத்தில் ஒரு சீமெந்து மேடை கட்டி, பஸ் அதோடு ஒட்டி நின்றாலே முதற்படி பாதியாகக் குறையும். ஆட்டோ அந்த இடத்தை அடைத்து நின்றால் மட்டும் பஸ் நடு ரோட்டில் நிற்கும், மேடை சும்மா கிடக்கும்.

இனிக் கடல். கிழக்கில் "பாதை" என்றால் ரோட்டு மட்டுமில்லை, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றித் துறை கடக்கும் மிதவைக்கும் அதே பெயர்தான். மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே கொஞ்ச நேரம் வேண்டும். மூதூருக்கு லாஞ்ச், கிண்ணியாவுக்குப் பாதை என்றிருந்த மாவட்டம் இது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்தடுத்த துறைகளிலும் பாலங்கள் வந்து மட்டக்களப்பு வரை நேரே ஓட முடிந்தது. பாலம் வந்ததும் கடல் வழியை மறந்துவிட்டோம். பாலம் இல்லாத நாளுக்கான ஏற்பாட்டையும் மறந்துவிட்டோம். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஓடிய தற்காலிகப் பாதை 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கொண்டுபோனது. மிதவைக்கு மூன்று விஷயம் தப்பக் கூடாது: ஏற்றும் எண்ணிக்கை, எல்லாரும் ஒரு பக்கம் சாயாமல் நிற்பது, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. மூன்றையும் பார்க்க இறங்குதுறையில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவருக்குப் பாதையை நிறுத்தும் அதிகாரமும் வேண்டும்.

கொச்சியில் 2023 ஏப்ரலில் நீர் மெட்ரோ தொடங்கினார்கள். 100 பேர் போகும் மின்கலப் படகுகள். அங்கே பார்த்துப் படிக்க வேண்டியது படகைவிட இறங்குதுறைதான். அது மிதக்கும் மேடை, நீர் ஏறினால் ஏறும், வற்றினால் இறங்கும். படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம், சக்கர நாற்காலியே உருண்டு போகும். வாசலில் எண்ணும் கதவு இருப்பதால் 101ஆவது ஆள் ஏற முடியாது. கொட்டியாரக் குடாவில் வற்றுப் பெருக்கு சிறிது, எனவே மேடை கட்டுவது நமக்கு இன்னும் சுகம். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் குடா கொந்தளிக்கும். கொச்சியின் காயல் படகை அப்படியே கொண்டுவந்து மூதூருக்கு விட முடியாது. உள்துறைமுகத்துக்குள் ஓடலாம், திறந்த குடாவுக்கு வேறு உடலமைப்புள்ள படகு வேண்டும்.

கடைசியாக மறுபடியும் அந்த விடியப்புற ரயில். மாகோவில் பிரிந்து கல்லோயாவில் கிளைத்து வரும் பாதை அது, இடையில் யானைக் காடு. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் ஒரே மோதலில் ஆறு யானைகள் செத்தன. அந்தப் பகுதிகளில் இரவில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டும், ஓடவும் வேண்டும். ஆகவே ரயில் பிந்தும் என்று வைத்துக்கொண்டே பஸ் அட்டவணை எழுத வேண்டும். கந்தளாயை ரயில் கடந்ததும் நிலைய அதிபரிடமிருந்து பஸ் நிலைய டைம் கீப்பருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. முதல் நிலாவெளி பஸ்ஸும் முதல் மூதூர் பஸ்ஸும் ரயிலடி வாசலுக்கு வந்து ஆட்களை ஏற்றிப் போக வேண்டும். ரயில் பிந்தினால் 20 நிமிடம் வரை காத்து நிற்கலாம். அதற்கு மேல் நிறுத்தினால் வழியில் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் நிற்கிறவர்களுக்கு அநியாயம். அந்த பஸ் போகட்டும், அடுத்த பஸ் ரயிலடிக்கு வரட்டும். அது எத்தனை மணிக்கு வரும் என்று மேடையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கரும்பலகையில் எழுதிவிடுங்கள். சோக்கட்டி ஒன்று போதும்.