ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடிய பிறர் வீட்டுப் பாடல்கள்

அவையோருக்கு வணக்கம். அமெரிக்கப் பாடகிகளான ஆண்ட்ரூஸ் சகோதரிகள் என்றதும் இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்காக அவர்கள் பாடியதைத்தான் பலரும் சொல்வார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்கள் எங்கிருந்து வந்தன என்பதையே நான் இன்று பேச விரும்புகிறேன்.

மினியாபொலிஸ் நகரில் கிரேக்கத் தந்தைக்கும் நார்வே வம்சாவளித் தாய்க்கும் பிறந்த லவெர்ன், மாக்சீன், பாட்ரிசியா மூவரில் இசைக்குறியீடு படிக்கத் தெரிந்தவர் மூத்தவரான லவெர்ன் ஒருவரே. நியூ ஆர்லியன்ஸின் பாஸ்வெல் சகோதரிகளைக் கேட்டுக் கேட்டே இவர்கள் பாடப் பழகினார்கள். நம் மேடையில் சகோதரிகள் சேர்ந்து பாடினால் பெரும்பாலும் ஒரே சுரத்தில் இணைவார்கள். இவர்களோ மூன்று வெவ்வேறு சுரங்களை ஒரே நொடியில் ஒலிக்கச் செய்தார்கள். பாட்ரிசியா மெட்டைப் பாட, மாக்சீன் அதற்கு மேலும் லவெர்ன் அதற்குக் கீழும் நின்றார்கள்.

1937-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பதிவு செய்து பெரும்புகழ் ஈட்டிய ‘பை மிர் பிஸ்ட் டு ஷேன்’, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர்களின் யித்திஷ் மொழி நாடக மேடைக்காக 1932-இல் ஷோலோம் செகுண்டா இசையமைத்த பாடல். தலைப்புச் சொற்களை யித்திஷிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார்கள். அந்த அந்நியத்தன்மையே கேட்டவர்களை ஈர்த்தது என்பது என் கணிப்பு. ஆனால் செகுண்டா அதன் உரிமையை வெறும் 30 டாலருக்கு முன்பே விற்றுவிட்டிருந்தார். அது அவரிடம் திரும்பியது 1961-இல்தான். சகோதரிகளும் அந்தப் பதிவுக்கு 50 டாலரை மட்டுமே பெற்றார்கள் என்பர்.

அடுத்து, செக் நாட்டு யாரோமிர் வெய்வோடாவின் போல்கா என்னும் நடன மெட்டு ஒன்றை 1939-இல் பாடினார்கள். 1945-இல் வெற்றிபெற்ற ‘ரம் அண்ட் கோக்கா-கோலா’ கரீபியத் தீவான டிரினிடாட்டின் கலிப்சோ என்னும் நாட்டார் பாடல்வகையைச் சேர்ந்தது. அமெரிக்கப் படையினர் குவிந்திருந்த அந்தத் தீவில் டாலருக்காக நடந்தவற்றை எள்ளலாகச் சொன்ன பாட்டு, சகோதரிகளின் குரலில் துள்ளலான கொண்டாட்டமாகிவிட்டது. பாடியவர்களைவிட, அதை வேறொருவர் பெயரில் பதிப்பித்தவர்களையே நான் குறை சொல்வேன். டிரினிடாட் தரப்பினர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்து வென்றார்கள்.

சகோதரிகள் 1953-இல் பிரிந்து, 1956-இல் மீண்டும் சேர்ந்து, 1967-இல் லவெர்ன் மறையும் வரை அந்தப் பெயரைக் காத்தார்கள்.