தாயும் சேயும் நலமா?

நேயர்களுக்கு வணக்கம். பிரசவ வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கதவைத் திறந்து ‘தாயும் சேயும் நலம்’ என்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லுமுன் தாயிடம் நான் ஒன்றுமே கேட்டதில்லை என்பதை ஒரு பெண்தான் எனக்கு உணர்த்தினாள்.

அவளுக்கு அது முதல் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி வரவில்லை. சுகப்பிரசவத்தில் 500 மில்லி ரத்தம் போனாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். அவளுக்கு அதைவிட நிறையப் போனது. ஓடினோம், ரத்தம் ஏற்றினோம், கையை உள்ளே விட்டு நஞ்சுக்கொடியை எடுத்தோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையோடு வந்தாள். தாழ்வாரத்தில் பினாயில் வாசனை பட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. ராத்திரி கண்ணை மூடினால் தலைக்கு மேலிருந்த அந்த விளக்கு தெரிகிறதாம். ‘பிபி இறங்குது’ என்று யாரோ கத்துவது கேட்கிறதாம். வீட்டில் சொன்னால், ‘அதான் பிள்ளை நல்லா இருக்கே, அப்புறம் என்ன?’ என்கிறார்களாம்.

உயிர் போய்விடும் என்று பயந்த உடம்பு, ஆபத்து முடிந்ததை இன்னும் நம்பவில்லை. ஒரு மாதம் தாண்டியும் இப்படி இருந்தால் தயங்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள், இதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அன்றைக்கு அவளை உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். எதற்காகக் கத்தினோம், குழந்தை அப்போது யார் கையில் இருந்தது, எல்லாம்.

“நான் செத்துருவேன்னு நினைச்சீங்களா, சிஸ்டர்?”

“பயந்தோம்மா. அதான் அப்படி ஓடினோம்.”

அப்போதுதான் அழுதாள்.

நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்ற ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஓடும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

இரண்டரை மாத ஊசிக்கு மறுபடி வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மாமியார் கையைப் பிடித்தபடி அதே தாழ்வாரத்தைக் கடந்தாள்.