செஸ்டர் என்றால் எனக்கு பார்லி பேர்தான்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பேச வைத்திருந்த தலைப்பு அடுத்த வாரம். 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்க கௌபாய் நாடகத்தைப் பற்றி ஒரு நீளமான காணொளி பார்த்துவிட்டு எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். அதன் வானொலி வடிவத்துக்குக் காணொளியில் ஒரே ஒரு வரிதான், அங்கே செஸ்டர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகர் பார்லி பேரின் பெயரே வரவில்லை!

பழைய ஆட்களுக்கு என் புலம்பல் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இது 1952 முதல் 1961 வரை சிபிஎஸ் வானொலியில் வந்த நாடகம். 1955இல் தொலைக்காட்சிக்குப் போனபோது நாயகன் மார்ஷல் டில்லனுக்குக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராட், ஜார்ஜியா எல்லிஸ், ஹோவர்ட் மெக்னியர், நம்ம பார்லி பேர் என்று நான்கு நடிகர்களையும் விட்டுவிட்டுப் புது ஆட்களைப் போட்டார்கள். டில்லனின் உதவியாளன் செஸ்டராக வந்த டென்னிஸ் வீவர் ஒரு காலை விறைப்பாக இழுத்து நடந்தே ஊரை ஈர்த்தார், எம்மி விருதும் வாங்கினார். நல்ல நடிகர்தான், மறுக்கவில்லை. ஆனால் பார்லி பேருக்கு அந்தக் காலும் கிடையாது, முகமும் கிடையாது. வெறும் குரல். 'மிஸ்டர் டில்லன்' என்று கூப்பிடுகிற அந்த ஒரு அழைப்பிலேயே செஸ்டர் சோம்பலாக இருக்கிறானா, பயந்துவிட்டானா, நமக்குத் தெரிந்துவிடும். டாக்டராக வரும் மெக்னியரோடு வம்பு வளர்க்கும்போது பாருங்கள், அவர் முடிப்பதற்குள் இவர் முனகத் தொடங்கிவிடுவார்.

சரி, இதைச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் இருந்த ஒரு கன்ஸ்மோக் ஒலிப்பதிவில் எல்லார் குரலும் மெலிந்து கிடந்தது, கான்ராட்டின் அந்தக் கனமே காணோம். டேப்பிலிருந்து டேப்புக்குப் பிரதி எடுத்து எடுத்து வேகம் ஏறிப்போன கதைதான். எவ்வளவு குறைப்பது? காதை நம்பினால் ஆளுக்கொரு கணக்கு வரும். அப்புறம் யாரும் பேசாத ஒரு இடத்தைத் தேடிப்பிடித்து, அடியில் கேட்கிற மின்சார ரீங்காரத்தை அளந்தேன். அமெரிக்க மின்சாரத்துக்கு அது 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், இதில் 63க்குப் பக்கத்தில் நின்றது. பிடித்து 60க்கு இறக்கினேன் பாருங்கள், அவ்வளவுதான், பார்லி பேர் வாயைத் திறந்ததும் கைதட்டிவிட்டேன்! அந்தத் தழுதழுப்பு, வாக்கியக் கடைசியில் மூச்சை இழுத்து விடுகிற விதம், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. வேகத்தைச் சரிபார்க்காமல் அப்படியே ஏற்றுகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன். செஸ்டருக்கு முதலில் முழுப்பெயரே கிடையாது. வெஸ்லி ப்ரவுட்ஃபுட் என்பது எழுத்தாளர் எழுதியதில்லை, பார்லி பேர் போகிற போக்கில் தானாகச் சேர்த்துச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. தொலைக்காட்சியில் அதையும் மாற்றி 'செஸ்டர் குட்' ஆக்கிவிட்டார்கள். அதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம்.

பார்லி பேர் 1914இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர், அந்த ஊர் கேஎஸ்எல் வானொலியில் தொடங்கியவர். பிற்பாடு 'ஆண்டி கிரிஃபித் ஷோ' என்ற தொலைக்காட்சித் தொடரில் சிடுசிடு மேயர் ஸ்டோனராக வந்தார். அதே தொடரில் முடிதிருத்துபவர் ஃபிளாய்டாக யார் தெரியுமா? மெக்னியர்! அதைப் பார்த்த எத்தனை பேருக்கு, இந்த இரண்டு பேரும் வானொலியில் வருடக்கணக்கில் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தவர்கள் என்று தெரிந்திருக்கும்? கீப்ளர் பிஸ்கட் விளம்பரத்தில் வரும் எர்னி என்ற கார்ட்டூன் பாத்திரத்தின் குரலும் பார்லி பேருடையதுதான். 2002இல் இறந்தார்.

வேகம் சரிசெய்த பதிவிலிருந்து செஸ்டரும் டாக்டரும் சண்டை போடுகிற ஒரு துண்டை இப்போது ஓட விடுகிறேன். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், மெக்னியருக்குத் தனி வீடியோ வருகிறது.