சாம்பல் நிறத்துக்குள் என்ன இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. கறுப்பு வெள்ளைப் படங்களை இங்க்ஜெட்டில் அச்சடிக்கிறவர்களோடு இன்று மை பற்றிப் பேசப்போகிறேன்.

என் பாட்டியின் படத்தை நானே அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். சில வருஷம் கழித்துச் சட்டத்தைக் கழற்றினால், அட்டை மறைத்திருந்த ஓரம் மட்டும் அன்று அச்சடித்த மாதிரியே இருக்கிறது, பாட்டியின் நரைமுடியோ பச்சையடித்துக் கிடக்கிறது. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் கலந்துதான் பிரிண்டர் அந்தச் சாம்பல் நிறத்தைக் கொண்டுவந்திருந்தது. மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை, மெஜந்தா முந்திக்கொண்டால் மிச்சமிருக்கும் சயானும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகத் தெரியும். வண்ணப் படத்தில் இந்த அளவு மாற்றம் கண்ணுக்கே படாமல் போகலாம், கறுப்பு வெள்ளையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் கறுப்பு எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கு முன்னால், சாம்பல் எதனால் ஆனது என்று கேளுங்கள். டை மை என்பது கரைந்த சாயம். வெளிச்சம் மட்டுமில்லை, காற்றிலிருக்கும் ஓசோனும் அதைத் தின்னும், அதுவும் சட்டென்று உலரும் நுண்துளைப் பளபளப்புத் தாளில் இன்னும் வேகமாக. பிக்மென்ட் மையில் இருப்பது திடமான நுண்துகள், அது எளிதில் சிதையாது. அதிலும் கார்பன் கறுப்பு இருக்கிறதே, அடிப்படையில் அது புகைக்கரிதான், வெளிச்சம் அதை அசைப்பது அபூர்வம்.

சரி, வெளிர் சாம்பலுக்கு என்ன வழி? கறுப்பையே நீர்க்கவைத்த மைகள் வேண்டும். எப்சன் 2005இல் கொண்டுவந்த அல்ட்ராகுரோம் கே3 வரிசையில் அடர்த்தி மாறும் மூன்று கறுப்புகள் இருந்தன. கறுப்பு வெள்ளை அச்சுக்கென்றே செய்த பியசோகிராபி மைகளில் ஏழு அடர்த்தி வரை உண்டு.

ஒரு சங்கடம், சுத்தக் கரி தாளில் லேசாகப் பழுப்படிக்கும். அதை நடுநிலையாக்க வண்ண பிக்மென்ட் சேர்ப்பார்கள், சேர்த்தால் அந்த வண்ணம் வெளுக்கிற வாய்ப்பும் கூடவே வரும். நான் பழுப்பையே ஏற்றுக்கொண்டேன், முகங்களுக்கு அது அழகாகவும் இருக்கிறது.

அப்புறம் தாள். ஒளிர்வெண்மைப் பொருள் (தாளைக் கூடுதல் வெள்ளையாகக் காட்டும் ரசாயனம்) சேர்க்காத பருத்தித் தாளாகப் பாருங்கள், இல்லையென்றால் மை நின்றாலும் நாளாக ஆகத் தாளின் வெண்மை மங்கும். கறுப்பு மையிலும் இரண்டு வகை உண்டு: பளபளப்பில்லாத மேட் தாளுக்கு மேட் பிளாக், பளபளப்புத் தாளுக்கு போட்டோ பிளாக். பிக்மென்ட் துகள் மையின் அடியில் தங்கும், அதனால் பிரிண்டரைச் சும்மா போட்டுவைக்காதீர்கள்.

புது மை வாங்கினால் சாம்பல் பட்டை ஒன்றை அச்சடித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். சில மாதம் கழித்து மூடியைப் பிரித்துப் பாருங்கள். பாட்டி படத்தை மறுபடி அச்சடிப்பதற்கு முன்னால் நான் அதைத்தான் செய்தேன், இரண்டு பாதிக்கும் நடுவே கோடு தெரியவில்லை.