ஃபங்க் தூக்கிப் போடாத கடிதங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஜான் எஃப். ஃபங்க் பற்றிப் பேசலாம். 1835-இல் பென்சில்வேனியாவில் பிறந்த மெனோனைட் சபைத் தலைவர். மெனோனைட்கள் என்றால் ஆயுதம் எடுக்க மாட்டோம், வளர்ந்து தானாகக் கேட்பவருக்குத்தான் ஞானஸ்நானம் என்று 16-ஆம் நூற்றாண்டிலிருந்து உறுதியாக நிற்கும் கிறிஸ்தவர்கள்.

சிகாகோவில் மர வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், 1864 ஜனவரியில் ஆங்கிலத்தில் ஒன்று, ஜெர்மனில் ஒன்று என்று பத்திரிகை தொடங்கினார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது! 1867-இல் இண்டியானாவின் எல்க்ஹார்ட் ஊருக்கு வந்துவிட்டார்.

பத்திரிகை ஆசிரியர் என்றால் தபால் வந்து குவியும், இல்லையா? 1870-களில் அது இன்னும் கூடியது. ராணுவ சேவையிலிருந்து விலக்கு இனி கிடையாது என்று ரஷ்ய அரசு சொன்னதும், அங்கிருந்த மெனோனைட்களில் ஏறக்குறைய 18,000 பேர் வட அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். 1873-இல் நிலம் பார்க்க வந்த பிரதிநிதிகளோடு ஃபங்க்கும் ஊர் ஊராகப் போனார். அவர்கள் குடியேறவும் உதவினார்.

வந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் மனிதர் பத்திரமாக வைத்திருந்தார். இப்போது எல்க்ஹார்ட்டிலேயே இருக்கும் மெனோனைட் சபை ஆவணக் காப்பகத்தில், தனிநபர் ஆவணங்களின் வரிசையில் அவருடைய தொகுப்புக்கு எண் 1-1. முதல் வரிசை, முதல் எண்.

எனக்கு மனதில் நிற்பது வேறு விஷயம். 1892-இல் பிஷப் ஆனவரை, 1902-இல் சபையே அந்தப் பணியிலிருந்து விலக்கியது. அப்புறம் 28 வருஷம் வாழ்ந்தார். 1930-இல் இறக்கும்போது வயது 94. அத்தனை வருஷமும் அந்தக் காகிதங்களை அவர் அழிக்கவில்லை. மனம் நொந்த ஒருவர் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஃபங்க்கின் கதை மட்டுமா போயிருக்கும்? அவருக்கு எழுதிய சாதாரண விவசாயிகளின் குரலும் சேர்ந்தல்லவா போயிருக்கும்!

சரி, அவற்றில் ஜெர்மனில் இருக்கும் கடிதங்களின் அந்தக் காலத்துக் கையெழுத்தை வாசிப்பது சுலபம் இல்லை. இந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். 'லீபர்' என்று எழுதியிருக்கிறேன், 'அன்புள்ள' என்று அர்த்தம். இதில் 'ஈ' (e) எழுத்து அப்படியே 'என்' (n) மாதிரி இருக்கிறதா? 'யூ'வும் (u) அதே மாதிரிதான் வரும். குழப்பம் வராமல் இருக்க அதன் தலையில் மட்டும் ஒரு சின்ன வளைவு போடுவார்கள். பத்து நாளாக எழுதிப் பழகுகிறேன். நேற்றுத்தான் ஒரு முழு வரியைத் தடுமாறாமல் வாசித்தேன்.